முள்ளில்லா விரல் ஏன் வீங்குகிறது?

சென்ற மாதம் எமது வீட்டின் தெற்கு வேலியை அடைக்கத் தொடங்கினோம். கூலி ஏறிவிட்ட இந்நாளில் வேலியடைப்புக்கு ஆள் பிடிப்பானேன், நாமே கதியால் நட்டு முடித்துவிடலாம் என்றொரு வீம்பு எமக்கு. அவ்வீம்புக்குக் கிடைத்த பரிசு, வலக்கைச் சுட்டுவிரலில் ஆழப் பாய்ந்த ஒரு கிளுவை முள். வெளியே தெரிந்த பகுதியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தோம். நுனி உள்ளே முறிந்து நின்றதை அறியோம். அன்றிரவே விரல் சிவந்தது. விடியுமுன் வீங்கிக் கொதித்தது. பேனை பிடிக்கவும் இயலாது போயிற்று. அவ்வாரப் பத்தியை நாம் சொல்லச் சொல்ல எழுதியவள் எமது மகள். எழுத்துப் பிழை குறைந்திருந்தமையைக் கொண்டு வாசகருட் சிலர் இதனை ஊகித்திருக்கவுங் கூடும்.

செய்தி கேட்டு அயல்வீட்டு ஆச்சி வந்தார். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முள்ளின் நஞ்சு ஏறுகிறது, தம்பி" என்றார். நாமோ நாலெழுத்துப் படித்தவரல்லவா? "ஆச்சி, முள்ளிலே நஞ்சொன்றும் இல்லை. விரலைச் சிவக்கச் செய்வதும் வீங்கச் செய்வதும் எமது உடம்பேதான்" என்று விளக்கினோம். ஆச்சி சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர்த் தம் இரு கைகளையும் எம் முன்னே நீட்டினார். மொழிகள் யாவும் தடித்து, விரல்கள் சோளகக் காற்றிற் சாய்ந்த வடலியோலை போல ஒருபுறமாகச் சரிந்து கிடந்தன. "அப்படியென்றால் என் விரலில் எந்த முள் தைத்தது? பதினொரு வருடமாய் வீங்கித்தானே கிடக்கிறது?"

எமது நாலெழுத்தும் அவ்விடத்தில் உதவவில்லை. பிறகு சொல்கிறோம் என்று கூறி அனுப்பிவிட்டோம். அந்த வினாவே இவ்வாரப் பத்தி.

சிவத்தல், வீங்கல், கொதித்தல், நோதல் ஆகிய நான்கையும் அழற்சியின் அடையாளங்களாக ஒருங்கே வைத்து எழுதியவர் உரோமாபுரியில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செல்சசு என்பவர். அந்த நான்கும் ஏன் உண்டாகின்றன என்பது நெடுங்காலம் விளங்காதிருந்தது. ஆச்சியைப் போலவே வைத்தியரும், வெளியிலிருந்து ஏதோ ஏறுகிறது என்றோ, உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்றோ எண்ணினர். உடம்பு தானே முனைந்து செய்யும் ஒரு காரியம் அது என்பதற்கு வலுவான சான்று கிடைத்ததும் ஒரு முள்ளினாலேயே என்பது எமக்குச் சற்று ஆறுதல் தருகிறது.

1882ஆம் ஆண்டு. சிசிலித் தீவிலே மெசினா என்னுங் கடற்கரைப் பட்டினம். உருசிய நாட்டு விலங்கியலாளராகிய மெச்னிக்கோவின் குடும்பத்தார் சேர்க்கசிலே வித்தை காட்டும் குரங்குகளைக் காணச் சென்றிருந்தனர். அவர் மட்டும் வீட்டிலே தங்கி, நட்சத்திர மீனின் குடம்பிகளை நுணுக்குக்காட்டியினூடே பார்த்துக் கொண்டிருந்தார். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடலையுடைய சின்னஞ்சிறு உயிர்கள் அவை. அவற்றின் உள்ளே சில கலங்கள் அங்குமிங்கும் ஊர்ந்து திரிவதை அவர் கண்டார். இவை உடலின் காவலாளரோ என்று ஓர் எண்ணம் திடீரென எழுந்தது. தோட்டத்துக்கு ஓடினார், ரோசாச் செடியின் முட்களைப் பறித்து வந்து குடம்பியின் தோலுக்குள்ளே செலுத்தினார். அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. வைகறையில் எழுந்து பார்த்தபோது, முள்ளைச் சூழ ஊருங்கலங்கள் திரண்டு நின்றன. குருதிக் குழாயே இல்லாத, சீழ் என்பதையே அறியாத ஓர் உயிரிலும் முள் தைத்த இடத்துக்குக் காவலர் வந்து கூடினர். இவ்வழியிற் சென்றமைக்காகவே 1908இல் அவருக்கு நோபெற் பரிசில் ஒரு பாதி கிடைத்தது.

வந்தார்கள் என்பது தெளிவாயிற்று. அழைத்தவர் யார்? இதற்கு விடை காண ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1888இல் தியோடர் லேபர் என்னும் செர்மானியக் கண்வைத்தியர், பூஞ்சணம் பற்றிய முயற்கண்ணை நோக்கி வெண்குழியங்கள் வந்து குவிவதைக் கண்டு, புண்பட்ட இடத்திலிருந்து கசியும் ஏதோ ஓர் இரசாயனப் பொருளே அவற்றை இழுக்கிறது என்று சொன்னார். அந்தப் பொருள் கையில் அகப்பட்டது 1987இல். அமெரிக்காவிலும் சுவிற்சலாந்திலும் செர்மனியிலுமாக மூன்று ஆய்வுகூடங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதனைப் பிரித்தெடுத்தன. எழுபத்திரண்டு அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். இன்ரலூக்கின் 8 என்று பெயர் பெற்றது. அதன் பின் அடைமழைக்காலத்துக் காளான் போல அதன் உறவினர் ஒவ்வொன்றாகத் தோன்றலாயின. இன்று மனித உடலில் ஏறக்குறைய ஐம்பது வகைகள் எண்ணப்பட்டுள்ளன. 1992இல் இக்குடும்பம் முழுவதற்கும் கீமோக்கைன் என்று பொதுப்பெயர் சூட்டினர். இரசாயனத்தால் நடக்கச் செய்வது என்பது அதன் உட்பொருள். தமிழில் அழைப்புப் புரதம் என்று நாம் வழங்குவோம். கலைச்சொல்லாக்கக் குழுவினர் பொறுத்தருள்வாராக.

இனி எமது விரலுக்கு வருவோம். முள் தைத்ததும் சில கலங்கள் கிழிந்தன. முள்ளோடு பற்றீரியாக்களும் உட்சென்றன. தோலின் அடியில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பெருந்தின்குழியங்கள் இவ்விரண்டையும் உணர்ந்து அழைப்புப் புரதங்களைச் சுரக்கத் தொடங்கின. அப்புரதங்கள் அருகிலுள்ள நுண்ணிய குருதிக் குழாயை அடைந்து அதன் உட்சுவரிலே ஒட்டிக்கொண்டன. ஒட்டிக்கொள்வதுதான் சூட்சுமம். ஒட்டாவிடில் குருதி வெள்ளம் அவற்றை அடித்துச் சென்றுவிடும். எந்த விரலிலிருந்து அழைப்பு வந்தது என்று எவரும் அறியார்.

குழாயினுள்ளே நியூத்திரோபில் எனப்படும் வெண்குழியங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எமது எலும்பு மச்சையிலே நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் அவை பிறக்கின்றன. பெரும்பாலானவை எந்தப் போரையும் காணாமலே மடிகின்றன. அழற்சி உற்ற இடத்தில் குழாய்ச் சுவர் சிறிது பசைத்தன்மை பெறுவதால், அவ்வழியே வரும் குழியம் வேகங் குறைந்து சுவரோடு சுவராக உருளும். உருளும்போது சுவரில் ஒட்டிய அழைப்புப் புரதம் அதன் மேனியிலுள்ள வாங்கியிற் பொருந்துகிறது. பொருந்திய கணமே குழியம் சடுதியாக நிற்கிறது, தட்டையாகிறது, சுவர்க் கலங்களின் இடுக்கினூடே தன்னை நெருக்கி நுழைத்து வெளியேறுகிறது. பின்னர், புரதத்தின் செறிவு எத்திசையில் மிகுகின்றதோ அத்திசையில் ஊர்கிறது. தலைப்பக்கத்துச் செறிவுக்கும் வாற்பக்கத்துச் செறிவுக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வேற்றுமை இருந்தாலே அது திசையறிந்துவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறையத் தன் உடலின் நீளம், மணிக்கு அரை மில்லிமீற்றர் அளவு, அதன் நடை. சீனி சிந்திய இடத்துக்கு எறும்பு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அதைப்போன்றதே இதுவும். உண்மையில், இக்குழியங்களின் வாங்கிகளும், எமது மூக்கில் மணத்தை அறியும் வாங்கிகளும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்த புரதங்கள். ஆதலால் குழியங்கள் மோப்பம் பிடித்து வருகின்றன என்று கூறுவது வெறும் உவமை மாத்திரம் அன்று.

அகன்ற குழாய்களிற் குருதி பெருகுவதால் சிவப்பும் கொதிப்பும். நீர் கசிவதால் வீக்கம். நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் நோவு. சீழ் என்று நாம் அருவருப்பது பெரும்பாலும் வந்து போராடி மடிந்த நியூத்திரோபில்களின் பிரேதக் குவியல். மூன்றாம் நாள் டொக்டர் விரலைக் கீறி முள்நுனியை எடுத்தபோது அதுவும் உடன் வந்தது. ஏற்பு ஊசியும் போட்டார். வேலி அடைப்பவரும் தோட்டஞ் செய்பவரும் இவ்வூசியை அலட்சியம் பண்ணலாகாது.

இந்த வீக்கம் இல்லாதிருந்தால் நன்றன்றோ என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. மிகச் சில குழந்தைகள், வெண்குழியங்கள் குழாய்ச் சுவரிலே பற்றி நிற்க இயலாத குறையோடு பிறக்கின்றன. அவர்களின் குருதியை எடுத்துப் பார்த்தால் வெண்குழியம் மிதமிஞ்சி இருக்கும். புண்ணிலோ ஒன்றும் இராது. சீழ் பிடிப்பதில்லை. தொப்புட்கொடி விழவேண்டிய காலத்தில் விழுவதில்லை. அழைப்புக் கேட்கிறது, இறங்கி வர வழியில்லை. மச்சை மாற்றுச் சிகிச்சை கிடைக்காவிடில், இந்நோயின் கடுமையான வகையிற் குழந்தை பிழைப்பது அரிது. சலரோகம் முற்றியவர்களிடத்தும் இதன் சாயலைச் சிறிது காணலாம். அவர்களின் வெண்குழியங்களின் நடை மந்தமடைகிறது. காலில் உணர்ச்சியுங் குறைகிறது. ஆதலால் சிவப்பும் நோவும் பெரிதாகத் தோன்றாத பாதப்புண்ணே அவர்களுக்கு ஆபத்தான புண்.

ஆக, எமது விரல் வீங்கியது முறையே. நுனி வெளியேறிய பின் நடந்ததும் முறையே. சுரப்பு நின்றது, எஞ்சிய அழைப்புப் புரதத்தை வாரி விழுங்கும் வாங்கிகளும் உடலில் உண்டு, அவை தம் வேலையைச் செய்தன. மடிந்த குழியங்களைப் பெருந்தின்குழியங்கள் உண்டு துப்புரவாக்கின. ஒரு வாரத்திலே தழும்பு மட்டும் எஞ்சியது.

ஆச்சியின் விரலில் நடவாதது இந்தக் கடைசிப் பகுதிதான். ஆச்சியின் நோய் முடக்குவாதம் என்று நாம் ஊகிக்கிறோம்; உறுதி சொல்ல வேண்டியவர் வைத்தியர். இரு கைகளிலும் ஒத்த மூட்டுகளிலே வீக்கம், காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல் மடியாத விறைப்பு என்பன அதன் குறிகள். ஆடவரினும் பெண்டிரையே இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பற்றுவது. அங்கே முள்ளும் இல்லை, பற்றீரியாவும் இல்லை. உடலின் நிர்ப்பீடனம் தன் மூட்டையே அயலானாகக் கருதிவிடுகிறது. மூட்டை உள்ளே போர்த்திருக்கும் மெல்லிய சவ்வு அழைப்புப் புரதங்களைச் சுரக்கிறது. குழியங்கள் வருகின்றன. வந்தவை தேடுகின்ற பகைவன் அங்கில்லை. ஆயினும் அவையும் தம் பங்குக்கு அழைப்பைச் சுரக்கின்றன. மேலும் குழியங்கள் வருகின்றன. வெறும் வீட்டில் யாரோ கள்ளன் என்று கூவ, ஓடி வந்தவர் எல்லோரும் சேர்ந்து கூவினால் எப்படியிருக்கும்? கள்ளன் அகப்படான், வீட்டின் கதவும் கூரையும் மிஞ்சா. குருத்தெலும்பும் எலும்பும் அவ்வாறே அரிக்கப்படுகின்றன.

இந்தக் கூச்சலை அடக்க முடியுமா? 1948ஆம் ஆண்டு செப்ரெம்பரில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், முடக்குவாதத்தால் நடக்க இயலாது கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு டொக்டர் பிலிப் கென்ச் கோட்டிசோன் என்னும் புதிய மருந்தை ஊசி மூலம் ஏற்றினார். சில நாள்களுள் அப்பெண் எழுந்து நடந்தார். உலகமே வியந்தது, 1950இல் நோபெற் பரிசும் வந்தது. அம்மருந்து அழைப்புப் புரதங்கள் உட்பட அழற்சியின் எத்தனையோ புரதங்களின் உற்பத்தியை ஒருசேர அடக்குகிறது என்பது பின்னாளில் விளங்கிற்று. ஒருசேர அடக்குவதே அதன் குறையும் ஆயிற்று. நெடுநாள் மிகுதியாக உண்டவர்களுக்கு எலும்பு தேய்ந்தது, சலரோகம் வந்தது, சிறு நோய்க்கிருமியும் பெரும்பகையாயிற்று.

அப்படியானால் எல்லாவற்றையும் அடக்காது, ஓர் அழைப்பை மட்டும் தடுத்தாலென்ன? இந்நம்பிக்கைக்கு உரமூட்டியது எதிர்பாராத திசையிலிருந்து வந்த செய்தி. எயிட்சு நோயின் வைரசு, வெண்குழியத்துள் நுழைவதற்கு சீ.சீ.ஆர். 5 என்னும் அழைப்பு வாங்கியையே வாயிலாகக் கொள்கிறது என்று 1996இல் கண்டனர். அவ்வாங்கி பிறவியிலேயே அமையாதவர் வட ஐரோப்பிய மரபினரிடையே நூற்றுக்கு ஒருவர் அளவில் உளர். அவர்களை அவ்வைரசு எளிதிற் பற்றுவதில்லை. அவ்வாங்கியை அடைக்கும் மருந்து 2007இல் எயிட்சு நோய்க்கு அங்கீகாரம் பெற்றது. அதனையே முடக்குவாத நோயாளரிடத்துஞ் சோதித்தனர். பயனில்லை. சீ.சீ.ஆர். 2 என்னும் வாங்கியை அடைத்துப் பார்த்தனர். அதுவும் பலிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் முன்னரே கண்ணெதிரில் இருந்தது. அந்த ஒரு வாங்கி இல்லாமலே நூற்றுக்கொருவர் பெரும் குறையின்றி வாழ்கின்றனர் அல்லவா? ஓர் அழைப்பைக் கேளாவிடில் மற்றோர் அழைப்பைக் கேட்டு வந்து சேருமாறே உடம்பு அமைந்திருக்கிறது. ஐம்பது குரல்; ஒன்றை அடைத்தால் நாற்பத்தொன்பது. முள்ளின் பொருட்டு எம்மைக் காக்கும் அதே ஏற்பாடு, ஆச்சியின் மூட்டிலே மருந்துக்கு வளையாத பிடிவாதமாகிறது.

பலவற்றை ஒரேவேளையில் அடைக்கத் தெரிந்த ஓர் உயிர் உண்டு. அது எமது வீட்டு நாயின் காதிலே தொங்குகிறது. உண்ணி நாட்கணக்காகக் கடித்துக் கொண்டிருந்தும் அவ்விடம் பெரிதாக வீங்குவதில்லையே, ஏன்? நாயுண்ணியின் உமிழ்நீரில் அழைப்புப் புரதங்களைப் பற்றிக் கட்டிவிடும் சிறு புரதங்கள் பல இருப்பதை 2007ஆம் ஆண்டையொட்டி விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். குழியங்களுக்கு அழைப்பே எட்டாதவாறு செய்துவிட்டுச் சாவகாசமாகக் குருதி குடிக்கிறது. அந்த உமிழ்நீரிலிருந்து மருந்து காணும் முயற்சி இன்னும் ஆய்வுகூடத்தைக் கடந்து வரவில்லை. உண்ணியைப் பிடுங்கி நசுக்கும்போது அதற்குச் சிறிது மரியாதையேனும் காட்டலாம் போலும்.

அழைப்பைத் தடுக்காது, வருபவரின் காலைக் கட்டும் மருந்தும் ஒன்றுண்டு. அது மிகப் பழையது. கவுட் என்னும் நோயிலே காற்பெருவிரல் மூட்டில் யூரிக்கமிலப் பளிங்குகள் படிய, நியூத்திரோபில்கள் திரண்டு வந்து தாங்கொணா நோவை உண்டாக்கும். அப்போது வைத்தியர் கொடுக்கும் கொல்கிசின், குழியத்தின் உள்ளே பந்தற்கால் போல நின்று தாங்கும் நுண்குழாய்களைக் குலைத்து அதன் நடையைத் தடுமாறச் செய்கிறது. அந்தக் கொல்கிசின் எமது வேலியிற் படரும் கார்த்திகைச் செடியிலும் இருக்கிறது. பழம்புலவர் காந்தள் என்று பாடிய செடி அதுதான். தமிழ்நாட்டிலே இம்மருந்துச் சரக்கின் பொருட்டே அதனைப் பயிரிடுகின்றனர். இதைப் படித்துவிட்டு எவரும் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். அக்கிழங்கு கொடிய நஞ்சு. எமது நாட்டில் அதனால் இறந்தோர் பலர். மருந்தளவுக்கும் சாவளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஆச்சியின் நோய்க்கு அது மருந்தும் அன்று.

ஆச்சியின் நோய்க்கு மருந்து உண்டு. வாரத்துக்கு ஒரேயொரு நாள் உட்கொள்ளும் மெதோத்திரெட்சேற்று முதன்மையானது. அது போதாதவிடத்து ரி.என்.எவ். என்னும் புரதத்தைக் கட்டும் ஊசிகள் உள. அழைப்புப் புரதங்கள் பலவற்றை ஏவி விடும் மேலதிகாரி அந்த ரி.என்.எவ். அவ்வூசி பெற்ற நோயாளரின் மூட்டுக்குள் வந்து சேரும் வெண்குழியங்கள் குறைந்ததைக் கதிரியக்க அடையாளமிட்டு இலண்டனில் எண்ணியே பார்த்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு அது. ஆனால் இம்மருந்துகள் யாவும் முதலாம் இரண்டாம் ஆண்டுகளிலே தொடங்கினாற்றான் முழுப்பயன் தரும். சரிந்த விரலை எந்த மருந்தும் நிமிர்த்தாது.

பதினொரு ஆண்டுகளாக ஆச்சி செய்த வைத்தியம் என்ன? எண்ணெய் பூசினார். உப்பு ஒத்தணம் கொடுத்தார். கடையில் நோவுக் குளிசை வாங்கி விழுங்கினார். வயதுக்கு வருகிற வாதந்தானே என்று அவரிடம் அயலார் சொன்னார்கள். அந்த அயலாரில் நாமும் அடக்கம். முதல் வருடம் ஆச்சி ஒருமுறை கையைக் காட்டியபோது, "தண்ணீரில் அதிகம் புழங்காதேயுங்கள்" என்று நாம் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. அன்று அவ்விரல்கள் நேராகவே இருந்தன. அப்போது அவர் பனையோலைப் பெட்டி இழைத்து விற்பவர். அவர் இழைத்த பெட்டியொன்று இன்றும் எமது மேசையிற் கடிதம் போட உதவுகிறது.

சென்ற ஞாயிறன்று ஆச்சியிடம் சென்று விடையைச் சொன்னோம். முள்ளில்லாமலே உடம்பு கூவுகிறது, வந்தவரும் சேர்ந்து கூவுகின்றனர் என்று விளக்கினோம். ஆச்சி கேட்டுவிட்டு, "எங்கள் சங்கக் கூட்டம் மாதிரியென்று சொல்" என்றார். விரல் இனி நிமிராது என்பதையும் மறைக்கவில்லை. மணிக்கட்டிலும் முழங்காலிலும் வீக்கம் தொடங்கியிருப்பதை அப்போதுதான் காட்டினார். அவை இன்னும் சரியவில்லை. அவற்றைக் காக்க இடமுண்டு. ஊசி போடுவார்களா, குருதி எடுப்பார்களா என்று கேட்டார். குருதி எடுப்பார்கள் என்றோம். எவ்வளவு என்றார். ஒரு தேக்கரண்டி அல்லது இரண்டு என்றோம்.

மூட்டுநோய்க் கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில் நடைபெறுகிறது. காலை ஐந்தரை மணி பஸ்ஸில் ஏறினாற்றான் இலக்கத் துண்டு கிடைக்கும். விறைத்த விரலோடு ஆச்சிக்குப் பஸ்ஸின் கம்பியைப் பிடிக்க முடியாது. ஆதலால் நாமும் கூடப் போகிறோம்.